புதிதாகப் புறா வளர்ப்பவர்களுக்கு: கையில் பிடிப்பதும் தூசியிலிருந்து தப்புவதும்

"புறா கொத்துமா அண்ணா?"

எங்கள் மொட்டை மாடிக்கு முதல் தடவை ஏறி வரும் பையன்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கொத்தும், ஆனால் வலிக்காது. அடையில் இருக்கும் பெட்டை இறக்கையால் ஓர் அறை விடும், அது மட்டும் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும். அவ்வளவுதான். நான் அவர்களைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வேறொன்றைக் காட்டுவேன். காலை எட்டு மணி வெயில் சாய்வாகக் கூண்டுக்குள் விழும்போது, அந்த வெளிச்சக் கீற்றில் மாவு சலித்த மாதிரி ஏதோ மிதந்துகொண்டிருக்கும். ஒரு புறா சிறகை உதறினால் போதும், கீற்று முழுக்கப் புகை மாதிரி ஆகிவிடும். "இதைப் பார்த்துத்தான் பயப்படணும் தம்பி" என்பேன். அவர்கள் நம்புவதில்லை. நானும் முதல் மூன்று வருஷம் நம்பவில்லை.

அந்தக் கதை பிறகு வரும். முதலில் வேலையைப் பார்ப்போம்.

முதலில் வீட்டு ஆட்களைக் கணக்கெடுங்கள்

பலகை, வலை, தீனி என்று காசு செலவழிப்பதற்கு முன்னால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள், காசநோய் வந்து நுரையீரலில் தழும்பு நின்றுபோனவர்கள் இருந்தால் கூண்டு வீட்டை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், கீமோ எடுப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்று யாராவது இருந்தால், என் யோசனை நேராக இதுதான்: இப்போதைக்குப் புறா வேண்டாம். காரணம் கீழே, பூஞ்சை பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கூண்டுப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. கூண்டைக் கழுவும் வேலையை அவர்களிடம் கொடுக்கவே கூடாது.

எங்கள் பக்கம் பெரியவர்கள் புறாவின் சிறகுக் காற்று பட்டால் வாத நோய் அண்டாது என்பார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி இளைப்பு உள்ள தாத்தாவின் நாற்காலியைக் கொண்டுபோய்க் கூண்டுக்குப் பக்கத்தில் போடாதீர்கள்.

எண்ணிக்கையிலும் கை கட்டுப்பாடாக இருக்கட்டும். இரண்டு ஜோடியோடு ஆரம்பியுங்கள். ஒரு ஜோடி இரண்டு முட்டை இடும், ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சுகள் ஒழுங்காகப் பறக்கும் முன்னரே அடுத்த முட்டை விழுந்திருக்கும். ஒரு வருஷத்தில் நான்கு இருபதைத் தாண்டுவது பெரிய அதிசயமில்லை. புறா பெருகினால் தூசியும் பெருகும், எச்சமும் பெருகும், வேலையும் பெருகும். குஞ்சு வேண்டாத சமயத்தில் முட்டையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முட்டையை வைத்துவிடலாம். பாவம், அதையும் நம்பி அடைகாக்கும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பதற்கு ஆகாயத்தில் கரணம் அடிக்கும் கர்ணப் புறா, தூரத்தில் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பி வரும் ஹோமர், சாதாப் புறா என்று எத்தனையோ இருக்கின்றன. மணிப்புறா, பச்சைப்புறா, மரகதப்புறா எல்லாம் காட்டுப் பறவைகள். மரகதப்புறா நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவையும் கூட. யாராவது கூண்டில் போட்டு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கூண்டு எந்தப் பக்கம்?

மொட்டை மாடியில் எந்த மூலை காலியோ அங்கே கூண்டு என்றுதான் எல்லாரும் முடிவு செய்கிறோம். காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பிவிடும். மாடியின் கிழக்கோரம் கூண்டும் மேற்கே படுக்கையறை ஜன்னலும் இருந்தால், தினமும் சாயங்காலம் கூண்டுத் தூசி தலையணைக்கு வந்து சேரும். ஏசியின் வெளி யூனிட், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி இந்த மூன்றும் கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொடியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

கூண்டின் அடித்தளம் பலகையாக இருப்பதைவிடக் கம்பி வலையாக இருப்பது நல்லது. எச்சம் கீழே தட்டில் விழும், புறா அதை மிதித்துப் பொடியாக்காது. முன்பக்கம் திறப்பாக இருக்கட்டும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி அடைப்பவர்கள் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் சாரலைத் தடுக்கத்தான் வேண்டும், ஆனால் அடைத்த கூண்டுக்குள் எச்சம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், அது காய்ந்தால் இன்னும் மோசம். மேலே நீண்ட சாய்வுக் கூரை, பக்கத்தில் பாதி உயரத்துக்குத் தடுப்பு. இது போதும்.

வாங்கி வந்ததைத் தனியே வையுங்கள்

சந்தையில் ஒரே கூடையில் முப்பது புறா நெருக்கியடித்து நிற்கும். எது எந்த ஊரிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. அதனால் புதுப் புறாவைப் பழைய கூட்டத்தோடு உடனே சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம், வேறு கூண்டில், வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு இருக்கட்டும். தீனி போடும்போது பழைய புறாக்களுக்குப் போட்டுவிட்டுக் கடைசியாகப் புதியதற்குப் போடுங்கள். அப்புறம் கை கழுவுங்கள்.

அந்த நாட்களில் கண்ணைப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து இமை வீங்கியிருந்தால் அந்தப் புறா மீது சந்தேகம் வேண்டும். பறவையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் கிளிக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கும் புறாவில் இந்த அடையாளம் தெரிவதுண்டு. எச்சத்தைப் பாருங்கள். நல்ல எச்சம் கெட்டியாக, உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். பச்சையாகத் தண்ணீர் மாதிரி போனால் நோய். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி முனை மாதிரி கையில் குத்தினால் அந்தப் புறா வெகு நாளாக மெலிந்துகொண்டிருக்கிறது. சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்வது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்து முறுக்கிக்கொண்டு தலைகீழாகப் பார்ப்பது எல்லாமே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். கழுத்து முறுக்கல் பெரும்பாலும் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தரும் வைரஸின் புறா வகையால் வருவது. தீனியில் மஞ்சள் கலந்து வைத்துக் காத்திருந்தால் கூண்டே காலியாகிவிடும்.

பிடிப்பது

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். துரத்தினால் கூண்டு முழுக்கத் தூசி கிளம்பும், புறா கம்பியில் மோதும், நீங்கள் வாலைப் பிடிப்பீர்கள், வால் இறகு கையோடு வந்துவிடும். புறாவுக்குப் பயத்தில் இறகு கழன்றுகொள்ளும். பருந்தின் பிடியிலிருந்து தப்ப இயற்கை வைத்த ஏற்பாடு அது. நாம் பருந்தாக வேண்டியதில்லை.

பொழுது சாய்ந்து புறாக்கள் பெட்டியில் அடைந்த பிறகு போங்கள். மங்கலான வெளிச்சம் போதும். கண்ணை நேராக முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் நெருங்குங்கள். இரண்டு கையையும் மேலிருந்து இறக்கி, இரண்டு இறக்கையும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி மூடுங்கள். அழுத்த வேண்டாம், ஒரு பழுத்த பப்பாளியைத் தூக்கும் அழுத்தம் போதும். இது ஏன் முக்கியம் என்றால், நமக்கு இருப்பது போல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. குழந்தைகள் பாசத்தில் இறுக்கிக் கட்டிக்கொள்ளும்போது புறா சத்தமே இல்லாமல் மூச்சு முட்டிப் போகும்.

இப்போது ஒரு கைக்கு மாற்றுங்கள். வலது உள்ளங்கையைப் புறாவின் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோங்கள், புறாவின் முகம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இரண்டு காலையும் பின்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். கட்டை விரலை மேலே கொண்டுவந்து, இறக்கை நுனிகளும் வால் தொடங்கும் இடமும் சேரும் முதுகின் மேல் வையுங்கள். நெஞ்சு உள்ளங்கையில் படுத்திருக்கும். இடது கை நெஞ்சுக்கு முன்னால் சும்மா தாங்கினால் போதும். பிடி சரியாக விழுந்துவிட்டால் உங்களுக்கே தெரியும்: உள்ளங்கையில் அந்தச் சின்ன இதயம் முதலில் படபடவென்று அடிக்கும், ஒரு நிமிஷத்தில் நிதானத்துக்கு வரும், கால் விரல்கள் தளரும். உடம்பு நம் கையைவிடச் சூடாக இருக்கும். காய்ச்சல் என்று பயப்படாதீர்கள், புறாவின் சாதாரணச் சூடே 41, 42 டிகிரி செல்சியஸ் பக்கம்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு தடவை இப்படிப் பிடித்துப் பாருங்கள். கீழே விட்டதும் நெஞ்சில் வெள்ளையாகப் பவுடர் அப்பியிருக்கும். புறாவின் உடம்பில் சில மெல்லிய இறகுகள் வளர்ந்துகொண்டே பொடியாக உதிரும். மற்ற இறகில் தண்ணீர் ஒட்டாமல் இருக்க அந்தப் பொடி அதற்குத் தேவை. கண்ணாடி ஜன்னலில் புறா மோதினால் சிறகு விரித்தபடி ஓர் உருவம் அப்படியே பதிந்துவிடுவது இதனால்தான்.

பிடிக்கும்போது விட வேண்டிய பழக்கங்கள் இரண்டு. இரண்டுமே பழைய கைகளிடம் நாம் பார்த்துக் கற்றுக்கொண்டவை. ஒன்று, நெஞ்சிறகை வாயால் ஊதி விலக்கிச் சதையைப் பார்ப்பது. ஊதினால் அத்தனை பொடியும் நம் முகத்துக்குத்தான் திரும்பும், விரலால் விலக்கிப் பாருங்கள். இன்னொன்று, வாயில் தண்ணீரோ மென்ற தீனியோ வைத்துக்கொண்டு குஞ்சின் அலகை வாய்க்குள் விட்டு ஊட்டுவது. அந்தக் காட்சியில் இருக்கும் பாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் கிளிக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இரண்டுக்கும் அதைவிட நேரான வழி கிடையாது. ஊசி இல்லாத சிரிஞ்சு மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. முத்தம் கொடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீறல் விழுந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று பாருங்கள். வெறிநாய்க்கடி பயம் புறாவிடம் வேண்டாம்.

என் ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

வளர்க்க ஆரம்பித்த மூன்றாம் வருஷம். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூண்டு சுத்தம். விளக்குமாற்றை எடுத்துக் காய்ந்த எச்சத்தை வரட் வரட்டென்று பெருக்குவேன், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வதோடு பாதுகாப்பு முடிந்தது. மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் குளிர் எடுக்கும். சாயங்காலம் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சில் ஒரு கல்லை வைத்த மாதிரி. திங்கள்கிழமை பாதி தேவலை, புதன்கிழமை ஒன்றுமே இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும். மூன்று தடவை மருத்துவரிடம் போனேன், மூன்று தடவையும் வைரல் காய்ச்சல் மாத்திரை. அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான்காவது தடவை வேறொருவரிடம் போனபோது அவர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தபடியே, "வீட்ல ஏதாவது பறவை இருக்கா?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் அத்தனை நாள் அலைந்திருக்கிறேன்.

இந்த நோய்க்கு மருத்துவத்தில் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி என்று பெயர். புறா வளர்ப்பவர்களுக்கு வருவதைப் 'புறா வளர்ப்போர் நுரையீரல்' என்றே 1965இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இது கிருமியால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. இறகுப் பொடியிலும் காய்ந்த எச்சத்திலும் இருக்கும் புரதங்கள் மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்புகிறது. எல்லாருக்கும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் நாற்பது வருஷமாக வளர்த்து ஒரு தும்மல்கூட இல்லாமல் இருப்பார். அவரைக் காட்டி நாம் தைரியமாக இருக்க முடியாது.

இரண்டு விதமாக வரும். எனக்கு வந்தது திடீர் வகை. தூசியில் நின்ற பிறகு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும், அதனால் காலையில் செய்த வேலைக்கும் சாயங்காலக் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. இரண்டாவது வகை மெதுவாக வருவது, அதுதான் பொல்லாதது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லாமல், வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், உடம்பு இளைப்பதுமாக மாதக்கணக்கில் போகும். ஆஸ்துமா என்பார்கள், காசநோய் என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், வயசாகிறது என்று நாமே சொல்லிக்கொள்வோம். அதற்குள் நுரையீரல் தழும்பேறி விறைத்துவிட்டால் அந்தத் தழும்பு திரும்பிப் போகாது.

இது அபூர்வமான நோய் என்று ஒதுக்கவும் வழியில்லை. இந்தியாவில் 19 நகரங்களில் 27 மையங்களில், நுரையீரல் திசு நோய் உள்ள 1,084 பேரைப் பதிவு செய்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை அழற்சிதான். எல்லாமே புறாவால் இல்லை. ஏர் கூலரும் பூஞ்சையும் அந்தக் கணக்கில் பெரிய பங்கு வகித்தன. பறவையும் அந்தப் பட்டியலில் இருந்தது. மும்பையில் 2025இல் கபூதர்கானா எனப்படும் புறாத் தீனி இடங்களை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டதற்கும், தாதரில் ஒன்றைத் தார்ப்பாய் போட்டு மூடியதற்கும், அதையொட்டி வந்த கோர்ட்டு வழக்குக்கும் போராட்டத்துக்கும் பின்னால் இருந்த மருத்துவக் கவலையும் இதுதான்.

எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த இருமலுக்குப் போனாலும், உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "நான் புறா வளர்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் நெஞ்சு சி.டி. ஸ்கேனும் மூச்சுத் திறன் பரிசோதனையும் எழுதினால் செலவுக்கு யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தெரியாமலே போகலாம்.

எச்சம் அள்ளும் முறை

ஈரமான எச்சம் பறக்காது, காய்ந்ததுதான் பறக்கும். சுத்தம் செய்யும் முறை முழுக்க இந்த ஒன்றை வைத்துத்தான்.

1. தினமும் ஐந்து நிமிஷம் தட்டைச் சுரண்டுவது, வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல். நேற்றைய எச்சத்தில் இன்னும் ஈரம் இருக்கும்.

2. காலையில் புறாக்களைப் பறக்க விட்ட பிறகு தொடங்குங்கள். அவை உள்ளே இருந்தால் சிறகடித்தே உங்கள் வேலையைக் கெடுத்துவிடும்.

3. மாஸ்க் என்95 ஆக இருக்க வேண்டும். துணி மாஸ்க், துண்டு, கைக்குட்டை எதுவும் இந்தப் பொடியைத் தடுக்காது. மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, மூச்சு விட்டால் ஓரத்தில் கசியவில்லை என்று பாருங்கள். தாடி வைத்திருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது. நான் தாடியை எடுத்துவிட்டேன், வீட்டில் எல்லாருக்கும் அதில் சந்தோஷம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். கூண்டு வேலைக்கென்று ஒரு பழைய சட்டையும் தலைக்கு ஒரு துணியும் தனியாக இருக்கட்டும்.

4. செடிக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் தண்ணீர் நிரப்பி மெல்லிய தூறலாக அடியுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் அந்த வேகத்திலேயே பொடி கிளம்பும். பத்து நிமிஷம் ஊறட்டும். அந்த நேரத்தில் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவலாம்.

5. ஊறிய எச்சத்தைப் பட்டைக் கரண்டியால் சுரண்டி, ஈரத்தோடு பையில் கட்டுங்கள். விளக்குமாறு வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனர் அதைவிட வேண்டாம், அது நுண்ணிய பொடியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே துப்பிவிடும்.

6. மாதம் ஒரு முறை, சுரண்டித் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேயுங்கள். எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கும் வாயு வரும். கழிவறை ஆசிட்டோடு கலப்பது அதைவிட ஆபத்து. மீண்டும் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே புறாவை உள்ளே விடுங்கள்.

7. மாஸ்க்கைக் கடைசியாகக் கழற்றுங்கள். சட்டையை மாடியிலேயே கழற்றித் தண்ணீரில் முக்கிவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். முடியில் ஒட்டியது தலையணைக்குப் போகும்.

எச்சம் நல்ல உரம் என்பது உண்மைதான். காயவைத்துத் தூளாக்கித் தொட்டிச் செடிக்குத் தூவாதீர்கள். மற்ற குப்பையோடு ஈரமாக மக்க வைத்துப் போடுங்கள்.

புறாவைக் குளிக்க வைப்பதும் சுத்தத்தில் ஒரு பங்கு. வாரம் ஒரு நாள், வெயிலுள்ள காலையில் அகலமான தட்டில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்தால் அவையே வரிசையில் வந்து இறங்கும். குளித்து முடித்த தண்ணீரைப் பாருங்கள், அரிசி களைந்த கழனி மாதிரி வெள்ளையாகப் படலம் மிதக்கும். அத்தனையும் அன்று உங்கள் மூக்குக்குப் போகாத பொடி. தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே குடிக்கும். கொசுவும் முட்டையிடும்.

மற்ற நோய்கள், சுருக்கமாக

கிளிக் காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. கிளிக்கு மட்டுமில்லை, புறாவுக்கும் உண்டு. மூச்சில் போன 5 முதல் 14 நாளில் கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, வறட்டு இருமல். டாக்சிசைக்ளின் வகை மருந்துக்கு நன்றாகக் கேட்கும், அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகைக்குச் சரியாகக் கேட்காது. புறாவைப் பற்றிச் சொல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதால் வரும் வினை இது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் கடுமையாகப் போகக்கூடும்.

அடுத்தது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. புறாக் கூட்டிலும் பழைய எச்சத்திலும் இது குடியிருப்பதை எம்மன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1955இல் காட்டினார். புறாவுக்கு இது ஒன்றும் செய்வதில்லை, அதன் உடம்புச் சூடு பூஞ்சைக்கு ஒத்துவராது. ஆரோக்கியமானவர்களையும் பெரும்பாலும் விட்டுவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரல் வழியாக மூளைச் சவ்வுக்குப் போய்விடுகிறது. வாரக்கணக்கில் விடாத தலைவலி, கழுத்து இறுக்கம், பார்வை மங்கல் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டு ஆட்களைக் கணக்கெடுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

சால்மோனெல்லா கையிலிருந்து வாய்க்குப் போவது. கை கழுவினால் தீர்ந்தது. கூண்டுப் பக்கத்தில் டீ குடிப்பதை நிறுத்துங்கள். புறாவுக்கு லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து விடும்போது ஒரு துளி நம் கண்ணில் தெறித்தால் கண் சிவந்து சில நாள் நீர் வடியும், கண்ணாடி போட்டுக்கொண்டு விடுங்கள். இறகுக்குள் தட்டையாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும் புறா ஈ சில சமயம் நம்மையும் கடிக்கும், செவ்வுண்ணி கடித்தால் இரவெல்லாம் அரிக்கும். பெட்டி இடுக்குகளைக் கழுவிக் காயவைத்தால் அடங்கும்.

புறா அம்மையும் தொண்டையில் மஞ்சளாகக் கட்டும் நோயும் மனிதருக்கு வராது. பறவைக் காய்ச்சல் புறாவை எளிதில் பிடிப்பதில்லை. இருந்தாலும் அந்த அறிவிப்பு வந்த சமயத்தில் செத்த பறவை எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அடிபட்ட புறா, பால்கனிப் புறா

சிபிச் சக்கரவர்த்திக்குத் தொடைச் சதையை அறுத்துத் தர வேண்டியிருந்தது. நமக்கு ஓர் அட்டைப் பெட்டியும் பழைய துண்டும் போதும். துண்டை மேலே போட்டு மூடி, மேலே சொன்ன பிடியில் எடுத்து, காற்றுக்கு ஓட்டை போட்ட பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். இருட்டில் அது அமைதியாகும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால், கஞ்சி எதுவும் வேண்டாம்.

காலில் மாஞ்சா நூல் சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள், சதையோடு வரும். வெளியில் தொங்குவதை மட்டும் வெட்டிவிட்டுச் சதைக்குள் புதைந்ததை மருத்துவரிடம் விடுங்கள். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்தது. இருந்தும் எங்கள் மாடியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று புறா அப்படி வந்து இறங்குகிறது. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புளூ கிராஸுக்கோ கொண்டுபோகலாம்.

பால்கனியில் புறா குச்சி சேர்க்க ஆரம்பித்தால் முட்டை இடுவதற்குள் தினமும் குச்சியை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். முட்டை வந்துவிட்டதா, ஒன்றரை மாதம் பொறுங்கள். குஞ்சு பறந்ததும் கூட்டை நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போதும் இதே முறைதான்: ஜன்னலைத் திறந்து காற்று போக விட்டு, நனைத்து, பிறகே கை வைக்க வேண்டும்.

விட்டுவிட நேர்ந்தால்

மருத்துவர் "புறாவை விடுங்க" என்று சொல்லிவிட்டால் பேரம் பேசாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், தம்பியைக் கழுவச் சொல்கிறேன் என்பதெல்லாம் ஆரம்ப நிலையில் ஓரளவு எடுபடும், என்னை அப்படித்தான் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். வருஷம் ஒரு முறை மூச்சுத் திறன் பரிசோதனைக்குப் போய் வருகிறேன். நுரையீரல் தழும்பேறத் தொடங்கியவருக்கு அந்த வசதி இல்லை. புறா போன பிறகும் பொடி மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். திரைச்சீலை, மெத்தை, மின்விசிறி இறக்கை எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அதையும் வேறொருவர் செய்ய வேண்டும்.

ஹோமர் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் டாக்டர் சொன்னதும் பன்னிரண்டு ஹோமரையும் ஒரே நாளில் செங்கல்பட்டில் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டார். கூண்டை உடைத்து விறகாக்கி, தரையைக் கழுவிவிட்டுப் படுத்தார். வாங்கியவர் மூன்று வாரம் அடைத்து வைத்திருந்து, பழகியிருக்கும் என்று நினைத்து ஒரு காலையில் திறந்து விட்டிருக்கிறார். அன்று மத்தியானத்துக்குள் பதினொன்று வந்துவிட்டது, கூண்டு இருந்த இடத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அண்ணன் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்று எண்ணிக்கொண்டிருந்தார். அதனால், ஹோமரைக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் வெளியே பறந்தறியாத குஞ்சுகளைக் கொடுங்கள். பெரியவற்றைப் பறக்கவிடாமல் ஜோடியாக வைத்துக் குஞ்சு மட்டும் எடுப்பேன் என்று சொல்பவரிடம் கொடுங்கள்.